சாப்பிட்ட பிறகுதான் சாவி

போத்தனூரில் எங்கள் தெருவுக்கு வந்து அற்புதக்கா வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூக்கு இழுக்கிற பக்கம் நடந்தால் போதும். பச்சைக் கேட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளை ஆம்னி வேன் நிற்கும். அதன் பின்கதவைத் திறந்தால் மூக்கு இன்னொரு முறை இழுக்கும். வருடக்கணக்கில் அண்டாவும் குண்டாவும் சாம்பார் வாளியும் ஏறி இறங்கிய வண்டி. அந்த வாசனை கழுவினாலும் போகாது, வெயிலில் திறந்து போட்டாலும் போகாது. சக்கரம் வைத்த அஞ்சறைப் பெட்டி என்று அதற்கு நான்தான் பெயர் வைத்தேன்.

நான் கயல்விழி. அக்காவுக்கு அடுத்த வீடு. ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பான் கார்டு, வாரிசுச் சான்றிதழ் என்று ஊர்க் காகிதமெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை அக்கா ஒருநாளும் மதித்ததில்லை.

அக்காவுக்குத் தொழில் சமையல் காண்டிராக்ட். பிறந்தது கொடுமுடிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மஞ்சள் காட்டில் கூலி வேலை. ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கும் சாமுவேல் அண்ணனைக் கட்டிக்கொண்டு போத்தனூர் வந்தார். ஒருநாள் சபையில் ஒரு கல்யாணத்துக்குச் சமையல்காரர் வராமல் போக, "நகருங்க பார்ப்போம்" என்று கரண்டியைப் பிடுங்கினார். அன்றைக்குப் பிடுங்கிய கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல், வேன் வாடகை கேட்டவரிடம் சண்டை போட்டுவிட்டு, தானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். ஸ்டியரிங்கை அண்டாவில் கரண்டி போடுவதுபோல இரண்டு கையாலும் கிண்டிக் கிண்டித்தான் திருப்புவார். சொல்லிக்கொடுத்தவர் இரண்டாம் நாளே பின்சீட்டுக்கு மாறிவிட்டாராம்.

அப்படிப்பட்ட வேனை விற்க வேண்டிய நேரம் போன மார்ச் மாதத்தில் வந்தது. அக்காவின் சபையில் ஈஸ்டருக்கு அறுநூறு பேருக்கு விருந்து. ஆர்டர் அக்காவுக்குத்தான். ஆனால் அங்கே அடுப்பு வைக்க இடமில்லை, வீட்டில் சமைத்து மொத்தமாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஆம்னியில் இரண்டு அண்டாவுக்கு மேல் ஏறாது. ஒரு குட்டி யானை வேண்டும். அந்தச் சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சுந்தராபுரத்தில் ஒருவர் தன்னுடைய பழைய குட்டி யானையைக் கொடுக்கச் சம்மதித்து, செவ்வாய்க்கிழமைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். ஆம்னி விற்றால்தான் முன்பணம். முன்பணம் கொடுத்தால்தான் ஈஸ்டர். இல்லையென்றால் ஆர்டர் கைமாறிவிடும். அறுநூறு பேர் ஒரே நேரத்தில் தன் சோற்றைச் சாப்பிடுகிற காட்சியை அக்கா கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே கனவு கண்டுகொண்டிருந்தார்.

விளம்பரத்தை இணையத்தில் போட்டது நான். ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பின்கதவைத் திறந்தார்கள், மூச்சை இழுத்தார்கள், போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, "வண்டி வேண்டாமுங்க. இந்தக் கொழம்பு எங்க கெடைக்குமுங்க?" என்று கேட்டு, மகள் சீருக்கு முந்நூறு பேர் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் தலைவலி.

பணம் வாங்குகிற விஷயத்தில் நான் அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். அவர் அடுப்படியில் ஒப்புட்டு, அதாவது போளி, தட்டிக்கொண்டிருந்தார். போன்ல பச்சை டிக் காட்டினா நம்பாதீங்க, மெசேஜ் வந்தாலும் நம்பாதீங்க, செக் வாங்காதீங்க, திரும்பி வந்துரும் என்றேன். ரெண்டு பேரும் பகல்ல பேங்குக்கே போங்க, அவங்க அங்கேயே அனுப்பட்டும், நீங்க பாஸ்புக்க மெசின்ல போட்டு எழுத்தக் கண்ணால பாருங்க, அப்புறம் படிவத்துல கையெழுத்து, அப்புறம் ஆர்.சி. புத்தகம், கடைசியாத்தான் சாவி என்றேன். வாங்கறவங்க அடையாள அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ், வண்டிய எந்நேரம் ஒப்படைச்சோம்னு ஒரு சீட்டு, நாளைக்கு அவங்க எங்கேயாச்சும் இடிச்சா போலீஸ் உங்க ஊட்டுக் கதவத்தான் தட்டும் என்றும் சொன்னேன். மூச்சு வாங்கியது எனக்கு.

"எல்லாம் சரி கண்ணு. இதுல இனிப்புப் பத்துமான்னு பாரு" என்று ஒரு ஒப்புட்டை என் வாயில் திணித்தார்.

இரண்டாம் சனிக்கிழமை மதியம் அந்த ஆள் வந்தான். பேர் பிரவின்குமார் என்றான். வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ. பெருந்துறைப் பக்கம் தோட்டம் இருப்பதாகவும், ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் என்றும் சொன்னானாம். ஆட்டோவில் வந்து இறங்கி ஆட்டோவை அனுப்பிவிட்டான். பின்கதவைத் திறக்கவே இல்லை. விலையைக் கேட்டான், ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்றதும், "சரிங்க்கா" என்றான். அவ்வளவுதான். ஆயிரம்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. பேரம் பேசாமல் பழைய வண்டி வாங்குகிறவனை எங்கள் ஜில்லாவில் யாராவது பார்த்திருக்கிறார்களா? நான் அங்கே இருந்திருந்தால் அப்போதே கேட்டைச் சாத்தியிருப்பேன். அக்காவுக்கோ பேரத்துக்கென்று தயார் பண்ணி வைத்திருந்த பேச்சு வீணாகிவிட்டதே என்று கொஞ்சம் வருத்தம்.

அவன் போனைத் தட்டினான். பச்சை டிக் காட்டினான். அக்காவின் போனும் உடனே டிங் என்றது. கணக்கில் பணம் வரவு என்று மெசேஜ். "இன்னைக்கு லீவுங்க்கா, கணக்குல ஏற ரெண்டு மணி நேரம் ஆகும். மெசேஜ் வந்துருச்சில்லீங்க, அப்புறம் என்னங்க" என்றான். நான் எடுத்த பாடமெல்லாம் அந்த டிங்கில் கரைந்துபோனது. அக்கா வேனின் மூக்கைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்தார். சாமுவேல் அண்ணனைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மதில் மேல் எட்டி, தெருவே திரும்பும்படி கத்தினார்.

"கயலு! வண்டி வித்துப்போச்சு கண்ணு! ஓடி வா, இலை போடறேன்!"

நான் ஓடினேன். நான் உள்ளே நுழையும்போது சாவி அக்காவின் கையில், ஆர்.சி. புத்தகம் மஞ்சள் பைக்குள், அவன் கை நீண்டபடி இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அக்கா வீட்டில் அறவே கிடையாது. அக்காவின் மறு கையில் செம்பு இருந்தது.

"மொதல்ல தண்ணி குடிங்க தம்பி."

"வேண்டாமுங்க்கா."

"அப்ப காப்பி போடட்டுங்களா?"

"பழக்கமில்லீங்க்கா."

"சோத்து நேரமாச்சுங்களே. ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு..."

"இல்லீங்க்கா, தோட்டத்துல ஆளுக காத்துட்டிருக்காங்க. சாவியக் குடுத்தீங்கன்னா வெசையாப் போயிருவேன்."

அக்காவின் முகம் அப்படியே மாறியது. எனக்கு அந்த மாற்றம் தெரியும். கொடுமுடிப் பக்கத்துத் தோட்டங்களில் அக்காவின் அம்மாவுக்குத் தண்ணீர் உயரத்திலிருந்துதான் ஊற்றப்படும், இரண்டு கையையும் குவித்துக் குடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை இவர். அதைப் பற்றி ஒருநாளும் அழுது பேசியதில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் தோட்டம் என்று சொல்கிற ஒருவர் தன் வீட்டுச் செம்பைத் தொடாமல் போனால் அன்றைக்கு அக்கா சமைக்கிற குழம்பில் காரம் தூக்கலாக இருக்கும். எனக்கும் சுருக்கென்றது. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

சாவி இடுப்புக்குப் போய்ச் செருகிக்கொண்டது.

"ஏனுங்க தம்பி, எம்பட வண்டி ஆகும். எம்பட ஊட்டுத் தண்ணி ஆகாதுங்களா?"

குரல் உயரவே இல்லை. அதனால்தான் அவன் பயந்துபோனான்.

"ஐயய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க்கா! சத்தியமா அது இல்லீங்க!"

"அது இல்லீன்னா வேற என்னங்க?"

வேறு என்ன என்பதை அவனால் சொல்ல முடியுமா? ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

இலை விழுந்தது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாள் என்பதால் அக்கா வீட்டில் கறி கிடையாது. அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், அப்பளம், ரசம், தயிர், ஆர்டருக்குச் செய்ததில் மிஞ்சிய ஒப்புட்டு. முதல் இரண்டு கவளத்தை அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி விழுங்கினான். மூன்றாவதில் கடிகாரத்தை மறந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அக்காவின் அரிசிம்பருப்பு அப்படி. கொஞ்ச நேரத்தில் தலை நிமிராமல், "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்றான். பிறகு, "ரசம் ஊத்துங்க்கா" என்றான். தானாகக் கேட்டான்!

அக்காவின் கோபம் நெய்யாக உருகி ஓடியது. முகமெல்லாம் பல். "பாவம், கூச்சப்பட்டிருக்கறான் புள்ள. நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டேன்" என்று என் காதில் சொன்னார். சந்தோஷத்தில், சுந்தராபுரத்துக்காரருக்கு இப்போதே கொஞ்சம் பணம் கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று ஏ.டி.எம். கார்டைக் கொடுத்துச் சாமுவேல் அண்ணனைச் சைக்கிளில் அனுப்பினார். அதே சந்தோஷத்தில் மெசேஜை எனக்குக் காட்டினார். நான் பார்த்தேன். அக்காவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, பேங்க் மெசேஜுன்னா மேல பேங்க் பேரு இருக்குமுங்க. இது யாரோ ஒரு ஆளோட செல் நம்பரு."

"பேங்குக்காரரு சொந்தப் போன்ல அனுப்பிருப்பாரு."

"லீவு நாள்லயா?"

"நல்ல மனுசனா இருக்கலாமில்ல?"

"அக்கா!"

"கயலு, அவன் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடறான். இத்தன ருசியாச் சாப்பிடறவன் ஏமாத்துவானா?"

எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. அதற்குள் சைக்கிள் மணி கேட்டது. சாமுவேல் அண்ணன் எதையும் அவசரமாகச் சொல்கிறவர் இல்லை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார், வேட்டியை இறக்கிவிட்டார், நெற்றியைத் துடைத்தார், பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"கணக்குல ரெண்டாயிரத்துச் சொச்சம்தான் இருக்குது அம்மணி. நேத்து இருந்ததுதான்."

அவன் கை இலையில் அப்படியே நின்றது. நான் கத்தப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். அண்டாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?"

"போதுமுங்க்கா."

"அதெப்படிங்க போதும்? லீவு நாளு, பணம் மெதுவாத்தான் வருமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? வர்ற வரைக்கும் சாப்பிடுங்க. நம்மளுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

ஒரு கரண்டி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. இலைமேல் மலை எழும்பியது. அக்கா போட்ட சத்தத்தில் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே தெரு கூடியிருந்தது. விஷயம் காதுக்குக் காது போக, ஒவ்வொருவராக உள்ளே எட்டி, ரொம்ப மரியாதையாக விசாரிக்க ஆரம்பித்தார்கள். "ஏனுங்க, கூச்சப்படாமச் சாப்பிடுங்க." "எந்திரிக்காதீங்க, இன்னும் தயிருச் சோறு இருக்குதுங்க." "தம்பிக்கு ரெண்டு ஒப்புட்டு வையுங்க்கா, பணம் வர்றதுக்கு நேரமாகும்போல." ஒருவர்கூட ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் காதோரம் வியர்வை வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. நான் போலீசுக்குப் போன் போட்டு, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்படி உரக்கப் பேசினேன்.

"கை... கை கழுவிட்டு வாரேனுங்க்கா" என்று எழுந்தான். எழுவதே பெரும்பாடாக இருந்தது. பின்பக்கம் போனவன் அங்கிருந்த மதிலில் தாவினான். தாவினான் என்றா சொன்னேன்? பாதி ஏறினான். அத்தனை அரிசிம்பருப்பை வைத்துக்கொண்டு எவனால் மதில் தாண்ட முடியும்? வயிறு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் கிடந்து, முனகி, எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லின் மேல் பொத்தென்று விழுந்து, வெறுங்காலோடு ரயில்வே லைன் பக்கமாக ஓடினான். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, துரத்த ஒருவருக்கும் தெம்பில்லை. சாமுவேல் அண்ணன் வாசலில் கிடந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எம்பட சைஸுதான்" என்றார்.

புகார் எழுதிக் கொடுத்தோம். அவன் நம்பருக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிடிபட்டானா என்று இன்றுவரை தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"சாவி போயிருக்கும் கண்ணு. வண்டியும் போயி, பணமும் போயி, ஈஸ்டரும் போயிருக்கும். அந்தச் செம்புத் தண்ணிய மட்டும் அவன் வாங்கிக் குடிச்சிருந்தான்னா, நானே சாவியக் குடுத்து டாட்டா காட்டிருப்பேன்."

அது உண்மை. பிழைத்தது என் பாடத்தால் இல்லை, அக்காவுக்கு வந்த கோபத்தால். அந்தக் கோபமும் தப்பான காரணத்துக்கு வந்த கோபம். எனக்கு லேசாக அவமானமாகவும் இருந்தது, நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை உக்கடத்திலிருந்து ஜபருல்லா வந்தார். பேக்கரிகளுக்குப் பிஸ்கட் போடுகிறவர். டயரை உதைத்தார், கதவை நாலு முறை சாத்தினார், பின்பக்கம் தலையை நுழைத்து, "ஏனுங்க, நான் பிஸ்கட் ஏத்தினா சாம்பார் பிஸ்கட் ஆயிருமுங்களே!" என்றார். பத்தாயிரம் குறைக்கச் சொன்னார். அக்காவுக்கு உயிரே வந்தது. கண் மின்ன, மூச்சு விடாமல், கை ஓங்கிச் சண்டை போட்டு, ஐந்தாயிரம் குறைத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ரொம்பத் திருப்தி.

இந்த முறை நான் விடவில்லை. மூன்று பேரும் வங்கிக்கே போனோம். அவர் கவுண்டரில் நின்று அனுப்பினார். அக்கா பாஸ்புக்கைப் போட்டு, புதிதாக விழுந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். அடையாள அட்டைக்கு ஜெராக்ஸ் எடுத்தேன், படிவங்களில் கையெழுத்து வாங்கினேன், வண்டி ஒப்படைத்த சீட்டில் நேரத்தையும் எழுதி முடித்தேன். வெளியே வந்ததும் அக்கா டிபன் கேரியரைத் திறந்தார். வங்கிக்கு எதற்கு அது என்று நான் ஏற்கெனவே கேட்டுத் திட்டு வாங்கியிருந்தேன்.

"சாப்பிடுங்க."

"வேண்டாமுங்க்கா."

"தண்ணியாச்சும்..."

"தண்ணியும் வேண்டாமுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். அந்த முகம் மறுபடியும் வரத் தொடங்கியது. கை இடுப்புச் சாவியைத் தேடிப் போனது. ஜபருல்லா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நோம்புங்க்கா! ரம்ஜான் நோம்பு!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வங்கிக் காவலாளி எட்டிப் பார்த்தார்.

"அப்பச் சரி. சாயங்காலம் நோம்பு தொறந்து, எங்க ஊட்டுல சாப்பிட்டுப்போட்டு வண்டிய எடுத்துக்குங்க."

"காசெல்லாம் குடுத்தாச்சுங்களே அக்கா. சாவி?"

"சாவி எங்க போகுது? இடுப்புலதான் இருக்குது."

இதில் பயப்பட வேண்டியவர் உண்மையில் ஜபருல்லாதான். பணம் முழுவதும் கொடுத்தாயிற்று, கையில் சாவி இல்லை. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு வரத் தாமதமாகும் என்றார். நான் முணுமுணுத்துக்கொண்டே சீட்டில் நேரத்தை அடித்துத் திருத்தினேன்.

சாயங்காலம் அக்கா வாசலில் பாய் விரித்தார். சாமுவேல் அண்ணன் புது ஷூ போட்டுக்கொண்டு போய்ப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். வெயில் இறங்கி, பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. ஜபருல்லா ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"அக்கா, தண்ணி குடுங்க்கா."

அக்கா செம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் வாய் வைத்து, கண்ணை மூடி, நிறுத்தாமல் குடித்தார். அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செம்பு காலியானதும் இன்னொரு செம்பு கேட்டார். அதையும் கொடுத்தார். பிறகு சோறு போடக்கூட மறந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.